செட்டியார் தெருப் பத்தரைப் பற்றி 10 நிமிட ஆவணப்படம்: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: கொழும்பு செட்டியார் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு நகைப் பத்தரைப் பற்றி 10 நிமிட ஆவணப்படம். கையில் ஒரு போன், ஒரு சட்டை மைக். அவருடைய கலை, அடையாளம், அன்றாடம் மூன்றும் படத்தில் வர வேண்டும். எதை முதலில் எடுப்பது, எங்கே பிழைக்கும்?

பேட்டியை முதலில் எடுக்காதீர்கள். முதல் நாள் வேலையை மட்டும் எடுங்கள். ஒரு மோதிரமோ தோடோ, உருக்குவதில் தொடங்கி மெருகு போடுவதுவரை முழுவதையும் பாருங்கள். எந்தக் கட்டத்தில் அவர் மூச்சைப் பிடிக்கிறார், எதைப் பார்க்காமலே கை எட்டி எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே வேலையை மூன்று இடத்திலிருந்து எடுங்கள்: பட்டறை முழுக்கத் தெரியத் தூரத்தில் ஒன்று, கையும் கருவியும் மட்டும் ஒன்று, முகம் மட்டும் ஒன்று. ஒவ்வொரு ஷொட்டையும் செயல் தொடங்க 10 செக்கன் முன் ஓடவிட்டு, முடிந்து 10 செக்கன் கழித்து நிறுத்துங்கள். அந்த ஓரங்கள் இல்லையென்றால் வெட்டி ஒட்ட இடமிருக்காது. புதிதாக எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பட்டறைக்கு வெளிச்சம் கொண்டுபோகாதீர்கள். பொடி (துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்துப் பற்றவைக்கும்போது பொன் எந்தச் சிவப்புக்கு வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சுடரை விலக்குகிறார்கள். உங்கள் எல்ஈடி விளக்கு பளீரென்று எரிந்தால் அந்த நிறம் தெரியாது, ஒரு செக்கனில் பொருள் உருகிப் போகும். மங்கலாக இருக்கட்டும். போனில் வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் சுடர் எழும்பும்போதெல்லாம் கமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், அணைந்ததும் வெளிறச் செய்யும். நிறச் சமநிலையையும் பட்டறையின் டியூப் லைட்டுக்கே வைத்துப் பூட்டுங்கள். சுடர் இன்னும் மஞ்சளாக விழும், அதுவே நல்லது.

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். போன்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும்படி வருகின்றன. ஷட்டர் 1/60இல் நின்றால் டியூப் லைட்டின் கீழ் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் பால் (PAL) வடிவங்களைக் காட்டச் சொல்லும் தெரிவை இயக்கினால்தான் 25 தெரியும். போனின் சொந்தச் செயலியில் ஃப்ரேம் வேகம் நிலையாக நிற்காது. அதனால் தனியாகப் பதிந்த ஒலி சில நிமிடங்களில் உதட்டைவிட்டு விலகும். ஷட்டரைக் கையால் பூட்டி, ஃப்ரேமை நிலையாக வைக்கும் செயலி ஒன்றைப் போடுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், தொகுப்புக்கு முன் ஹாண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25க்கு மாற்றுங்கள்.

அடுப்பருகே போன் சூடாகும். பற்றவைக்கும் நேரம் சுடர் அலையும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். உறையைக் கழற்றி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். ஏசி கடையிலிருந்து நேரே தெருவுக்கு வந்தால் லென்ஸ் வியர்க்கும். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். கிளம்பும்போது முக்காலியின் காலில் ஒட்டிய தூசியை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள். பட்டறைத் தரையில் கூட்டும் தூசியிலும் பொன் இருக்கிறது, அதைச் சேர்த்துவைத்துப் பிரித்தெடுப்பார்கள். இதைச் செய்தால் அவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

படம் சற்றுத் தளும்பினால் பார்ப்பவர் பொறுப்பார். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். சட்டை மைக்கை நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலியோ உருத்திராட்சமோ அதில் தட்டினால் அந்தப் பேட்டி வீண். வெறும் மேலோடு வேலை செய்பவர் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டரால் நெஞ்சில் ஒட்டலாம். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். பதிப்புரிமை ஒரு காரணம்; இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டத்தில் அது படைத்தவரின் ஆயுளோடு 70 ஆண்டு. அதைவிடப் பெரிய காரணம், பேச்சை வெட்டும் ஒவ்வோரிடத்திலும் பின்னால் பாட்டும் துள்ளும். ஹோர்ன் சத்தமும் நாட்டாமைகள் (சுமை தூக்குவோர்) தள்ளும் வண்டியின் கடகடப்பும் தவிர்க்க முடியாதவை. பேட்டியைக் கடை திறக்குமுன் வைத்துக்கொண்டு, அந்தத் தெருச் சத்தத்தை வேறாக ஐந்து நிமிடம் பதியுங்கள். பட்டறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம். வெட்டுகளை மூடுவது இவைதான்.

இனி அடையாளம். கொழும்பில் "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி லேசான கேள்வியல்ல. 1983 கலவரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், சோதனைச் சாவடியிலும் பொலிஸ் பதிவிலும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய தலைமுறை இது. கமராவை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் முகம் மூடிக்கொள்ளும். சாதியை நீங்களாக எடுக்கவே வேண்டாம். தொழிலையும் குலத்தையும் சேர்த்துப் பேசுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. "இந்தக் குறடு யாருடையது?", "இந்த வேலையை யார் கையைப் பார்த்துப் பழகினீங்கள்?" என்று கேளுங்கள். ஊரும் தகப்பனும் வந்த வழியும் தாமாக வரும். கேள்வி கேட்டு அவர் நிறுத்தியதும் ஐந்து செக்கன் பேசாமல் இருங்கள். இரண்டாவதாகச் சொல்வதே பெரும்பாலும் படத்தில் நிற்கும்.

அவர் ஒரே வசனத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கதைப்பார். வாடிக்கையாளரோடு ஒரு மொழி, கையாளோடு ஒரு மொழி, போனில் வீட்டோடு வேறொன்று. அடையாளம் என்று நீங்கள் தேடுவது இதிலேயே கிடக்கிறது. "சுத்தத் தமிழில் சொல்லுங்கோ" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உபதலைப்பில் சிங்களப் பேச்சை வேறு நிறத்தில் காட்டினால், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் மொழி மாறும் இடம் தெரியும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரி 40 எழுத்துக்குள். சிங்கள உபதலைப்பும் கட்டாயம் போடுங்கள், கொழும்பில் திரையிடப் போகிறீர்கள் அல்லவா. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொகுப்பு மென்பொருளில் போடுங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். "கொட்டாஞ்சேனை" என்று எழுதிப் பாருங்கள், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அது சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

4கேயில் 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். நான்கு மணி நேரம் எடுத்தால் 180 ஜிபி. அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். தெருவில் ட்ரோன் பறக்கவிட எண்ணினால், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பக்கத்தில் துறைமுகம் இருப்பதால் அந்த யோசனையையே விட்டுவிடலாம்.

சம்மதத்தை இரண்டு தடவை வாங்குங்கள். எடுக்குமுன் ஒன்று, முதல் தொகுப்பைக் காட்டிய பிறகு ஒன்று. பெட்டகம், பூட்டு, வாடிக்கையாளர் முகம், எடை எழுதிய சிட்டை எங்காவது விழுந்திருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வேலையின் வரிசையையும் அவரே சரிபார்க்கட்டும். வெங்காரம் (பற்றவைக்குமுன் பூசும் உப்பு) தடவுவதற்கு முன்பே சுடர் பட்டதாக உங்கள் தொகுப்பில் வந்திருந்தால், அதை முதலில் பிடிப்பவர் அவராகத்தான் இருப்பார்.