வாசகர் கேள்வி: உரத் தொட்டி ஏன் நாறுகிறது?

எங்கள் குடியிருப்பில் ஒருநாள் சுற்றுச்சூழல் கண்காட்சி நடத்துகிறோம். அடுக்களைக் கழிவில் வீட்டிலேயே உரம் தயாரிக்கும் பயிற்சிக்கு 30 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் நாற்றம் தாங்காமல் தொட்டியையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எங்கே தவறு?
- நலச் சங்கச் செயலாளர், கோவை

தண்ணீரில்தான். பயிற்சியில் நறுக்கிய கேரட் தோலைப் போட்டுக் காட்டுகிறோம். வீட்டுத் தொட்டியில் விழுவதோ தர்ப்பூசணித் தோலும் சாம்பார் முருங்கைச் சக்கையும். ஈரம் ஏறினால் காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும்போது கிளம்புவதுதான் அந்த அழுகிய முட்டை வாடை. எனவே அன்று காலையில் சேர்ந்த உண்மையான அடுக்களைக் கழிவையே பயிற்சிக்கு வையுங்கள்.

மேசைக்கு ஆறு பேர், ஐந்து மேசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி. சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியில் 8 மி.மீ. துளைகளும் அடியில் நாலைந்தும் முதல்நாளே போட்டுவிடுங்கள். அங்கே வந்து துளைபோட்டால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார் அல்லது சுள்ளி. அதன்மேல் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு கிழித்த காய்ந்த சருகு. ஒரு கை பழைய உரம், இல்லையென்றால் அரை டம்ளர் புளித்த மோர். மேலே எப்போதும் ஓர் அங்குலம் சருகு மூடியிருக்க வேண்டும். சருகுக்குப் பதில் நார்த்தூளும் போடலாம், ஆனால் கட்டியாக விற்கும் நார்த்தூளை ஊறவைத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த நார் கழிவின் ஈரத்தை எப்படி உறிஞ்சும்?

வாரம் இருமுறை கிளறச் சொல்லுங்கள். ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் சருகு சேர்க்கணும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கணும். எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். கொசு மாதிரிச் சின்ன ஈ மொய்த்தால் பழத்தோல் மூடப்படாமல் கிடக்கிறது. வெள்ளைப் பூஞ்சையால் கெடுதல் இல்லை. தடித்த புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகள். கழிவைத் தின்று குறைப்பவை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், புழுவைப் பார்த்த அன்றே வாளி தெருவுக்குப் போய்விடும்!

வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கட்டும். இரண்டு மாத வாக்கில் மண் வாசனை வரும்.

எங்கள் கண்காட்சிக்கு இரண்டு சிறப்புப் பேச்சாளர்கள் வருகிறார்கள். பேச்சு முதலிலா, பயிற்சி முதலிலா?
- வாசகி, திருச்சி

பயிற்சி. கை அழுக்கானவர்களுக்குத்தான் கேட்கக் கேள்வி இருக்கும். பேச்சு 20 நிமிடம், கேள்வி 20 நிமிடம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் பேச்சு வைத்தால் நாற்காலிதான் கேட்கும்.

வருபவர்களுக்குத் துணிப்பையும் பேப்பர் கப்பில் தேநீரும் தரலாமா?
- வாசகர், மதுரை

பையை முதலில் பாருங்கள். ஓரத்தில் நூல் உருவ வராவிட்டால் அது துணியல்ல. துணிபோல் அழுத்திய பாலிப்ரொப்பிலீன். அதுவும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களில் அடக்கம். இவற்றை வைத்துக்கொண்டு மேடையில் நெகிழி ஒழிப்புப் பேசினால் நன்றாகவா இருக்கும்? ‘மக்கும் கப்’ என்று விற்கும் பி.எல்.ஏ. (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப்பும் வீட்டுத் தொட்டியில் கரையாது. அதற்கு ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் நீடிக்க வேண்டும்.

பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். 300 பேருக்கு 150 போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் குடிப்பதில்லை. மிச்சம் கொட்ட, சோப்பு நீரில் கழுவ, வெந்நீரில் அலச என்று மூன்று அண்டா, இரண்டு ஆள். சோப்பு அண்டாவின் நீரை மாற்ற மறந்தால் டம்ளரில் பால் வாடை நிற்கும்.

இன்னொன்று: உரிமம் பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டினால், மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.