மூளைக்கட்டிக்குப் புது ஸ்கேன் ஆய்வு: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கேள்விகள், எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட் பதில்கள்

பாம்பன்: சார், அண்ணனுக்கு கிளையோபிளாஸ்டோமா, மூளையில வர்ற புற்றுக்கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப எடுத்த எம்.ஆர்.ஐ.யில கட்டி பெருசாத் தெரியுதாம். மதுரையில ‘பெர்ஃப்யூஷன் ஆய்வுல சேர்றீங்களா’ன்னு கேக்குறாங்க. சாதா ஸ்கேன் பத்தாதா?

பத்தாததால்தான் ஆய்வே நடக்கிறது. கான்ட்ராஸ்ட் போட்டதும் வெள்ளையாகத் தெரிவது ரத்தக்குழாய் கசியும் இடம். கட்டியும் கசியும், ரேடியேஷனில் புண்பட்ட திசுவும் கசியும். முதல் 3 மாதத்தில் இந்தக் குழப்பம் அதிகம். ‘சூடோ புரோக்ரஷன்’, அதாவது பொய் வளர்ச்சி என்பார்கள். கட்டிக்கு மருந்தை மாற்றாமலே பிறகு அடங்கிவிடும். பெர்ஃப்யூஷனில் அந்த இடத்தின் ரத்த அளவைப் பார்க்கிறார்கள். வளரும் கட்டி புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும், அதனால் ரத்தம் கூடுதலாக இருக்கும். செத்த திசுவில் குறையும்.

தங்கச்சிமடம்: அதுக்கு ஊசி வேற மாதிரி போடுவாங்களா?

சாதா ஸ்கேனுக்குப் போடும் அதே கான்ட்ராஸ்ட் மருந்து கடோலினியம்தான், வேகம்தான் வேறு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. அதை விநாடிக்கு 4 மி.லி. வீதம் 3 விநாடியில் செலுத்தி, அதே வேகத்தில் சலைன் தள்ளுவார்கள். ஒன்றரை விநாடிக்கு ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்து மூளையைக் கடக்கும்போது சிக்னல் சரிந்து மீளும். அந்தச் சரிவின் பரப்புதான் ரத்த அளவு.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஊசியில்தான். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி வேண்டும் (எண் கூடினால் ஊசி மெலிசு). புறங்கையில் 24 கேஜ் போட்டு ஒப்பேற்றினால் மருந்து இழுத்து இழுத்துப் போகும், சரிவு தட்டையாகிவிடும். கீமோவில் நரம்பு தேய்ந்தவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் இடத்தில் பழைய ரத்தமோ டைட்டானியம் தகடோ இருந்தால் அந்த இடம் கறுத்துப்போகும், அளவை நம்ப முடியாது. கசிவு அதிகமானால் ரத்த அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். அதனால்தான் பல ஆய்வுகளில் சில நிமிடம் முன்னால் கொஞ்சம் மருந்தை முதல் தவணையாகக் கொடுப்பார்கள்.

ராமேஸ்வரம்: போட் இன்ஜின் பட்டறையில கிரைண்டர் வேலை பாக்குறேன். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டு, டாக்டரிடம் போய் எடுத்திருக்கிறீர்களா? ஆம் என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. உள்ளே துணுக்கு தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுத்துவிடும். அரைஞாண், மெட்டி, தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு 70 வயசு, கிரியாட்டினின் 1.9. கான்ட்ராஸ்ட் வேணாம்னு சொல்லலாமா? பெட் ஸ்கேனும் எடுக்கணுமாம்.

வ அலைக்கும் ஸலாம். அந்தக் கணக்குக்கு இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன்) சுமார் 37 வரும். 30-க்குக் கீழே போனால்தான் பெரிய யோசனை. மேக்ரோசைக்ளிக் (கடோலினியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்) வகை மருந்தா என்று கேட்டு வாங்குங்கள். மருந்தே வேண்டாமென்றால், நம் ரத்தத்தையே காந்தத்தால் அடையாளப்படுத்திப் பார்க்கும் ஏ.எஸ்.எல். முறை உண்டு, படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும்.

பெட் என்பது கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்; எந்த மருந்து என்று கேளுங்கள். வழக்கமான எஃப்.டி.ஜி. சர்க்கரை வகை, மூளை முழுக்கச் சர்க்கரையை இழுப்பதால் கட்டி அதில் மறைந்துபோகும். ஆய்வில் பெரும்பாலும் எஃப்.இ.டி. போன்ற அமினோ அமில மருந்து. அதில் உள்ள கதிரியக்க ஃப்ளோரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும், அதனால் பஸ் லேட் என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை. முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். 4 மணி நேரம் சாப்பிடக் கூடாது. சுகர் மாத்திரையை என்ன செய்வதென்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம், ரேடியாலஜி மாணவி: புது முறை சரியா வேலை செய்யுதுன்னு எப்படி நிரூபிக்கிறாங்க சார்?

முதலில் மெஷின். திசுவில் நீர் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கும் டிஃப்யூஷன் ஸ்கேனுக்கு, ஆளுக்குப் பதிலாக ஐஸ்-தண்ணீர் ஃபேன்டம் (சோதனைப் பாத்திரம்) வைப்பார்கள். 0 டிகிரியில் தண்ணீரின் ஏ.டி.சி., அதாவது நீர் நகர்வின் அளவு, 1.1 வர வேண்டும் (அலகு 10⁻³ மி.மீ.²/விநாடி). மீன் பெட்டிக்கு உடைக்கிற ஐஸே போதும், ஆனால் சூடு சமமாகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் எண் ஏறிவிடும். அடுத்து, அதே நோயாளியைச் சிகிச்சை மாறும் முன் இரண்டு முறை ஸ்கேன் செய்வார்கள். இரண்டு அளவுக்கும் 15 சதவீதம் வித்தியாசம் வருகிற முறையை வைத்து, 10 சதவீதம் வளர்ந்தது என்று சொல்ல முடியாது.

கடைசியில் பயாப்சி, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பது. படத்தில் குறித்த புள்ளியிலிருந்தே திசு எடுக்க வேண்டும். மண்டையோட்டைத் திறந்து நீர் வடிந்தால் மூளை சில மில்லிமீட்டர், சில சமயம் 1 செ.மீ.க்கு மேலும் நகரும். கட்டியை அகற்றத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. படம் பார்ப்பவருக்குப் பயாப்சி முடிவு தெரியக் கூடாது.

‘90 சதவீதம் சரி’ என்றால் உடனே தலையாட்டாதே அம்மா. 100 பேரில் 40 பேருக்குக் கட்டி திரும்பியிருக்கிறது, ஸ்கேன் அவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், கட்டி இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடும் என்று வை. ‘கட்டி’ என்று சொல்வது 36+12 பேரை; 75 சதவீதம் சரி. கட்டி திரும்பியவர்கள் 10 பேரே என்றால் 9+18. மூன்றில் ஒன்றுதான் தேறும். ஸ்கேன் அதேதான், ஆட்கள்தான் மாறினார்கள்.

தொண்டி: சேர்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்? தடைக்காலத்துல போனா ஆகுமா?

சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண், எதிக்ஸ் கமிட்டி அனுமதி, தமிழ் ஒப்புதல் படிவம். கூடுதல் ஸ்கேனுக்குக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் நிற்காது. ஸ்கேன் தேதி சிகிச்சைக் கணக்கில் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத நாள் என்பதற்காகத் தள்ளிப்போட முடியாது. சில நாள் முன்பின் சலுகை இருக்கும், கேட்டு வாங்கலாம். ஃபிலிமோடு திரும்பாமல் டைகாம் (ஸ்கேனின் மூலக் கோப்பு) சிடியும் வாங்குங்கள். பெர்ஃப்யூஷன் கணக்கை ஃபிலிமிலிருந்து மறுபடி போட முடியாது.