ஆண் வாரிசுக்காக அடுத்தடுத்துக் கல்யாணம் செய்த அரசர்களில் எட்டாம் ஹென்றியைத் தவிர வேறு யார்?

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைத் தவிர என்று நீங்களே கேட்டுவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். அந்த ஆறு மனைவிகள் கதையை யாரும் சொல்லுவார்கள். என்னை ரொம்ப நாளாக உறுத்துகிற கதை வேறொன்று. அதில் கோடாலியும் இல்லை, கோபுரச் சிறையும் இல்லை. விமானம், வானொலி, வழவழ தாளில் அச்சான பத்திரிகைப் படம் எல்லாம் வந்த பிறகு நடந்தது. ஈரானின் கடைசி ஷா, அதாவது அரசர், முகமது ரேசா பஹ்லவி: மூன்று கல்யாணம், இரண்டு விவாகரத்து, முதல் கல்யாணத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒரு பையனுக்காக 21 வருடக் காத்திருப்பு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தச் சிக்கலும் அங்கேதான் கிடக்கிறது. ஷாவின் அப்பா ரேசா கான் ஒரு ராணுவ அதிகாரி. 1925-ல், அதுவரை ஆண்ட கஜார் வம்சத்தை இறக்கிவிட்டுத் தானே அரியணை ஏறியவர். ஏறிய கையோடு அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தார்கள்: பட்டத்துக்கு வருகிறவர் அரசரின் மூத்த மகனாக இருக்க வேண்டும், அவருடைய தாய் ஈரானிய வழியில் வந்தவராக இருக்க வேண்டும், மகன் இல்லாவிட்டால் அரசர் வேறொருவரைச் சொல்லலாம், நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் அந்த ஆள் கஜார் ரத்தமாக மட்டும் இருக்கக் கூடாது. இறக்கிவிட்ட குடும்பம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும் என்ற பயம், வேறென்ன. இதில் வேடிக்கை என்னவென்றால் ரேசா கான் அரசராகும் முன்பே கஜார் குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கட்டியிருந்தார், அவர்கள் மூலம் ஐந்து பையன்கள். எதிரிக்கு என்று கட்டிய வேலி சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஏழு பையன்களில் சட்டப்படி தேறியது முகமது ரேசாவும் அவருடைய கூடப் பிறந்த தம்பி அலி ரேசாவும்தான். முகமது ரேசாவோடு இரட்டையாகப் பிறந்த அஷ்ரஃப் என்ற பெண்ணும் உண்டு, அண்ணனைவிட அழுத்தமான ஆள் என்று பேர் வாங்கியவர். பெண் என்பதால் அவரை அந்தக் கணக்கிலேயே யாரும் சேர்க்கவில்லை.

முதல் கல்யாணம் அப்பா பார்த்து வைத்தது. எகிப்து அரசர் ஃபாருக்கின் தங்கை ஃபவ்சியா, வயது 17. 1939 மார்ச்சில் கெய்ரோவில் நிக்காஹ். ஆனால் பெண் எகிப்துக்காரி, தாய் ஈரானிய வழியில் வந்தவராக இருக்க வேண்டும் என்ற விதி என்ன ஆவது? ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வருடம், 1938-ல், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஃபவ்சியா ஈரானிய வழியில் வந்தவர் என்று அறிவித்துவிட்டது. அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த பெண்ணுக்கு ஒரு காகிதத்தில் பாரசீகப் பூர்விகம் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

1940 அக்டோபரில் ஷாநாஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வருடம் பிரிட்டனும் சோவியத்தும் உள்ளே நுழைந்து, அப்பாவை முடி துறக்க வைத்து, 21 வயதில் மகன் ஷா ஆனார். தெஹ்ரான் அரண்மனை ஃபவ்சியாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, 1945-ல் கெய்ரோ போனவர் திரும்பவே இல்லை. 1948-ல் விவாகரத்து முடிந்தபோது, தெஹ்ரான் தட்பவெப்பம் அரசியின் உடம்புக்குச் சேரவில்லை என்று அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். இந்தப் பிரிவுக்குப் பையன் இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை. குழந்தை அப்பாவிடம் தங்கியது. ஃபவ்சியா 1949-ல் எகிப்திலேயே மறுமணம் செய்துகொண்டார். அங்கே அவருக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது சொராயா. என் பதிலில் பாதி இவருக்குத்தான் போகும். இஸ்ஃபஹானில் பிறந்தவர், அப்பா பக்தியாரி குலத்துப் பெரிய குடும்பம், அம்மா ஜெர்மானியப் பெண். 1951 பிப்ரவரியில் கல்யாணம், அவருக்கு வயது 18. டைஃபாய்டு காய்ச்சலால் ஒரு தடவை தள்ளிப்போட்ட கல்யாணம் அது. உடம்பு முழுதாகத் தேறாத பெண்ணுக்குப் பாரிஸிலிருந்து வைரமும் இறகும் தைத்து வந்த பெரிய உடை, அந்தக் கனத்தோடு நடக்க முடியாமல் பின்னால் இழுபட்ட பகுதியைக் கத்தரித்துவிட்டார்களாம். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம், ஷாவுக்கு இவர் மேல் நிஜமாகவே ஆசை இருந்தது. 1953 ஆகஸ்டில் பிரதமர் மொசாதெக்கை நீக்கப் போட்ட முதல் திட்டம் சொதப்பி, இரண்டு பேரும் பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடியபோதும் கூடவே இருந்தவர் சொராயா. சில நாளில் நிலைமை தலைகீழாகி ஷா திரும்பி வந்தார்.

ஆனால் குழந்தை இல்லை. அதுவரை அது குடும்பக் கவலை. அரசாங்கக் கவலையாக மாறியது 1954 அக்டோபர் 26 அன்று. அன்று ஷாவின் 35-ஆவது பிறந்தநாள். அதற்காகத் தெஹ்ரானுக்கு வந்துகொண்டிருந்த தம்பி அலி ரேசாவின் விமானம் மலையில் மோதி நொறுங்கியது. சட்டம் விட்டுவைத்திருந்த ஒரே தம்பி போய்விட்டார். மிச்சம் ஐந்து தம்பிகளும் கஜார் வயிற்றில் பிறந்தவர்கள். ஷாவோ 1949-ல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பியவர். அடுத்த குண்டு குறி தப்பாவிட்டால் வம்சமே முடிந்தது என்று அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும்.

மருத்துவர்களைப் பார்த்தார்கள், வெளிநாட்டிலும் பார்த்தார்கள். 1958 தொடக்கத்தில் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டிய இடத்துக்கு வந்தது. சட்டத்தைத் திருத்தி கஜார் வயிற்றுத் தம்பி ஒருவரைக் கொண்டுவரலாம், இல்லையென்றால் ஷா இன்னொருத்தியைக் கட்டிப் பிள்ளை பெறலாம், சொராயா அரசியாகவே இருக்கட்டும், அதற்கும் சம்மதமில்லையென்றால் விவாகரத்து. இரண்டாவது யோசனையைச் சொராயா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் மூத்த ஆச்சி ஞாபகம் வரும். தாத்தாவின் அண்ணனுக்கு முதல் தாரம். நான்கும் பெண். "கொள்ளி வைக்க ஒரு பையன் வேண்டாமா" என்று சுற்றி இருந்தவர்கள் பேசிப் பேசி, கடைசியில் ஆச்சியே இரண்டு ஊர் தள்ளிப் போய்ப் பெண் பார்த்து, பூ வைத்து, சக்களத்தியைத் தன் கையால் கூட்டிவந்தார். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு ஆச்சிகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பார்கள், ஆனால் ஒரே உரலில் இடித்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் வாரிசுக்கு என்று இருந்தது இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும்தான். சொராயா முடியாது என்று சொன்னதன் எடை என்ன என்பது அந்தத் திண்ணையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

1958 மார்ச் 14 அன்று விவாகரத்து அறிவிப்பு வந்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் அவரைச் சோகக் கண்களின் இளவரசி என்று எழுதி எழுதியே விற்றன. ஒரு இத்தாலியப் படத்தில் நடித்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை, 2001-ல் பாரிஸில் இறந்தார்.

இப்போது 1938-க்குத் திரும்பிப் போங்கள். வெளிநாட்டுப் பெண்ணை ஒரே சட்டத்தில் ஈரானியப் பூர்விகம் ஆக்கத் தெரிந்த நாடாளுமன்றம், 1958-ல் மகன் என்ற வார்த்தையை ஏன் தொடவில்லை? ஷாநாஸுக்கு அப்போது 17 வயது, கல்யாணமும் ஆகிவிட்டது, கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே பிள்ளை. காலம் அப்படி என்று சொல்வது எனக்குச் செல்லாது. டென்மார்க் அரசர் ஒன்பதாம் ஃபிரெடரிக்குக்கு மூன்றும் பெண். அவர் இன்னொரு மனைவி தேடவில்லை, 1953-ல் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு வைத்துச் சட்டத்தையே மாற்றினார்கள், மூத்த மகள் மார்கரெத்தே 1972-ல் அரசியானார். அதே 1953-ல்தான் லண்டனில் எலிசபெத்துக்கு முடிசூட்டு விழா. ஈரானில் இப்படிச் செய்திருந்தால் முல்லாக்கள் எதிர்த்திருப்பார்கள் என்பது சரி, ஆனால் 1963-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோதும் அவர்கள் எதிர்க்கத்தான் செய்தார்கள், ஷா கொடுத்தார். மனசு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பெண்ணுக்கு நிறையத் தேடினார்கள். இத்தாலியின் முன்னாள் அரசர் மகளைக்கூடப் பார்த்தார்கள், வாட்டிகன் எதிர்ப்பில் அது நின்றது. கடைசியில் அமைந்தது ஃபரா தீபா, பாரிஸில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி. பொருத்தம் கூடிவந்தது ஷாநாஸ், அவருடைய கணவர் அர்தெஷிர் சாஹெதி இருவரின் வீட்டில். ஆமாம், மகள் வீட்டில்தான் அப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். ஷாநாஸைவிட ஃபராவுக்கு இரண்டே வயது கூட. எங்கள் ஆச்சியாவது சக்களத்தியைத்தான் கூட்டிவந்தார், இந்தப் பெண் தனக்குச் சித்தியைக் கூட்டிவந்தார்.

1959 டிசம்பர் 21-ல் கல்யாணம், 1960 அக்டோபர் 31-ல் பையன், பத்தே மாதம். ஏழைகள் வாழும் தெற்குத் தெஹ்ரான் மருத்துவமனையில் பிரசவம் நடந்தது, தெருவெல்லாம் கூட்டம். குழந்தைக்கு ரேசா என்று தாத்தா பெயர். பிறகு இரண்டு பெண், இன்னொரு பையன். 26 வருடம் அரியணையில் உட்கார்ந்தும் முடிசூட்டிக்கொள்ளாமல் தள்ளிவைத்திருந்த ஷா, வாரிசு வளர்ந்த பிறகு, 1967 அக்டோபரில் தன் கையாலேயே முடியை எடுத்து வைத்துக்கொண்டு, ஃபராவுக்கும் ஒரு முடி சூட்டினார். அதே வருடம் அரசியல் சட்டத்தையும் திருத்தினார்கள். பையனுக்கு 20 வயது நிறையும் முன் ஷா இறந்தால் தாயே ஆட்சிப் பொறுப்பை ஏற்கலாம் என்று. திருத்த முடியாத சட்டமே இல்லை பாருங்கள், அதுவும் பெண்ணுக்கு ஆதரவாகவே திருத்தினார்கள், மகனைக் கையில் வைத்திருக்கும் பெண்ணாக இருந்தால்.

அந்தத் திருத்தம் உபயோகப்பட்டதா என்றால், பட்டது. 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டுப் போனார், மகன் அப்போது அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 1980 ஜூலை 27 அன்று ஷா கெய்ரோவில் புற்றுநோயால் இறந்தார், அதாவது முதல் மனைவியைக் கட்டிய அதே ஊரில். மகனுக்கு 20 நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. நாடும் இல்லை, படையும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை, ஆனாலும் சட்டப்படி அந்த மூன்று மாதம் ஃபரா ஆட்சிப் பொறுப்பாளர் என்று பேர். அக்டோபர் 31 அன்று ரேசா கெய்ரோவிலிருந்தே தன்னை ஷா என்று அறிவித்துக்கொண்டார்.

அவர் 1986-ல் கல்யாணம் செய்தார். மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண். நான் பார்த்தவரை அவர் இன்னொரு கல்யாணம் தேடவில்லை.