அம்மாவின் கால் புண்ணுக்கு நானோ பேண்டேஜ் வாங்கலாமா?

தம்பி, வீடியோவில் பார்த்த அந்த நானோ பேண்டேஜை ஓர்டர் பண்ண வேண்டாம். நீங்கள் கேட்டது பேண்டேஜைப் பற்றி, ஆனால் பக்கத்து லயத்து மாமாவுக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

பொகவந்தலாவையில் இருக்கிற அம்மாவுக்குச் சீனி வருத்தம், உள்ளங்காலில் மூன்று வாரமாகப் புண், 'ஆனால் வலியே இல்லை, கொழுந்து பறிக்க மலைக்குக்கூடப் போகிறார்' என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. சீனி நரம்பைக் கெடுத்த கால் மரத்துப்போகும். வலித்தால் யாரும் அந்தக் காலை ஊன்ற மாட்டார்கள், வலிக்காததால் அம்மா கொழுந்துப் பாரத்தோடு சரிவில் ஏறி இறங்கிப் புண்ணை மிதித்துக்கொண்டே இருக்கிறார்.

இன்றைக்கே அம்மாவுக்குப் போன் எடுங்கள். வீட்டில் யாராவது புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போடட்டும். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புண் உள்ள பாதம் மட்டும் சுடுகிறதா, தோல் இழுத்துப் பிடித்து மினுமினுக்கிறதா? சிவப்போ வீக்கமோ கோட்டைத் தாண்டினால், புண் ஓரத்திலிருந்து 2 சென்ரிமீற்றருக்கு மேல் போயிருந்தால், காய்ச்சல் நடுக்கம் வந்தால், விரல் கறுத்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி. கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது. இரவானால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. காலை இழப்பவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வருபவர்கள்.

இதெல்லாம் இப்போது இல்லை என்றாலும் மூன்று வாரம் ஆறாத புண்ணை இந்த வாரமே டொக்டரிடம் காட்ட வேண்டும். காலில் இரத்த ஓட்டம் எப்படி, புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். அதுவரை மலை வேண்டாம். மெடிக்கல் லீவு எடுக்கட்டும், பேர், அதாவது நாட்சம்பளம், போனால் போகட்டும்.

சரி, அந்த வீடியோ. பொய் என்று சொல்லமாட்டேன். பொலிமர் கரைசலை ஊசி வழியே விட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தால் இழுத்தால், தலைமுடியை விட நூறு மடங்குக்கும் மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு விரிப்பாகும், நானோ பேண்டேஜ் அதுதான். இடைவெளி அவ்வளவு சிறியது, கிருமி நுழைவது கஷ்டம், ஆனால் காற்றும் ஈரமும் போய்வரும். அந்த இழையிலேயே வெள்ளித் துகளையோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையோ கலக்கலாம். அருமையான வேலைதான். ஆனால் வீடியோவில் கிருமி சாவது ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில். புண்ணில் கிருமி தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு படலம் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். மருந்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதும் உண்டு. சரி என்று வெள்ளியைக் கூட்டினால் புண்ணை மூட வளர வேண்டிய தோல் செல்லும் சேர்ந்து அடிபடும். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுவது இதோடுதான். சர்க்கரைப் பாதப் புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிகொல்லி டிரெஸ்ஸிங் போட வேண்டாம் என்றே 2023இன் சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது சுத்தமான சாதாரணக் கட்டு, சீனிக் கட்டுப்பாடு, அந்தக் காலில் பாரம் விழாமல் இருப்பது.

முட்டை, மீன் நன்றாகச் சாப்பிடட்டும், சதை வளரப் புரதம் வேண்டும், புண்ணுக்கு ஆகாது என்பது வெறும் பேச்சு. புண்மேல் உள்ள மஞ்சள் படிவை ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார், அதாவது நர்ஸ்மார், எடுப்பார்கள், வீட்டில் பிளேடால் சுரண்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அப்புறம், அம்மா புண்ணில் போடுவதாக நீங்கள் எழுதிய அந்தக் கிருமிகொல்லிக் கெப்சூல். உடைத்துத் தூளைப் புண்ணில் தூவச் சொன்னது யார்? அது மேலே கட்டியாகப் படிந்து, அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைக்கும், கிருமிக்கும் மருந்து பழகிப்போகும். இன்றோடு நிறுத்துங்கள். மீதிக் கெப்சூலை எறியாமல் அட்டையோடு டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள், எந்த மருந்து, எத்தனை நாள் போட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.