அவன் கையால் மூடிய பக்கம்

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை தம்பியின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் கேட்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இவனே பயப்படுறான் சார். பயப்படுற பிள்ளையை எதுக்கு ஓவியக் காலேஜ்ல தள்ளணும்? பேசாம இன்ஜினீயரிங்கே சேரட்டுமே." வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி பயப்படுகிறான், உண்மைதான். எதற்கு அவன் பயப்படவில்லை என்பதையும் பார்த்தீர்களா? இன்ஜினீயரிங் கல்லூரிப் பட்டியலைக் கொடுத்து விருப்ப வரிசை போடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். கம்ப்யூட்டர் சயின்ஸா, சிவிலா என்று கேட்டால் "எதுன்னாலும் ஓகே சார்" என்றான். நடுவில் கொட்டாவி வேறு. ஓவியக் கல்லூரியில் சேர நேரில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும் என்று சொன்னதும் உள்ளங்கையை பேன்ட்டில் துடைக்க ஆரம்பித்தான். கிடைக்காமல் போனாலும் கவலையில்லை என்கிற இடத்தில் யாருக்குக் கை வியர்க்கும்? அவன் பயத்தை நீங்கள் தகுதியின்மையாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது அவன் ஆசை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது.

அவன் நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கங்களில் சினிமா நடிகர்களின் முகங்கள். போட்டோ பார்த்து வரைந்தவை, நன்றாகவே இருந்தன. அவற்றை அவனே தயங்காமல் புரட்டிக் காட்டினான். கடைசிப் பக்கங்களில் ஒன்றில் அவனுடைய பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அதற்கு வந்ததும் அவன் கை தானாகப் போய் மூடிக்கொண்டது. "அது சரியா வரல சார்." மெல்லக் கையை எடுத்துப் பார்த்தேன். குதிகாலில் பித்த வெடிப்பு வரைந்திருக்கிறான். அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே மெலிந்து போயிருந்தது. அந்த நோட்டில் அவனே கண்ணால் பார்த்து, தனக்கே தெரியாத ஒன்றைப் பிடிக்க முயன்றது அந்த ஒரு பக்கத்தில்தான். மற்றதெல்லாம் கைப்பழக்கம். வரைகிற பிள்ளையானாலும் எழுதுகிற பிள்ளையானாலும், எதைக் காட்டக் கூசுகிறார்களோ அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எல்லாப் பயத்தையும் இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் உங்களுக்கு ஒரு ஏஜென்ட் போன் செய்து, இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் சீட் என்று சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது என்றீர்களே, அந்தப் பயம் சொல்வதை அப்படியே கேளுங்கள். எந்தக் கல்லூரியானாலும் அங்கீகாரத்தை, உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்புகளான ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி. இணையதளங்களில் நீங்களே பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயமும் நியாயமானது. அதற்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை, கணக்குப் போட வேண்டும். நான்கு வருடக் கட்டணம், விடுதி, தாள், வண்ணம், பஸ் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று சேர்ந்தே பார்ப்போம்.

தம்பியிடமும் அவன் பயத்தை எழுதித் தரச் சொன்னேன். "பயமா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் அதை ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் காட்டலாம் என்று அவன் சம்மதித்ததால் சொல்கிறேன். நான்கு வரி எழுதினான். செலக்ட் ஆக மாட்டேன். அங்கே வருகிறவர்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்து கிளாஸ் போனவர்கள். வேலை கிடைக்காது. அம்மா அழுவாங்க.

முதல் இரண்டுக்கும் பயிற்சிதான் வழி. தினமும் ஒரு மணி நேரம், மொபைலில் அலாரம் வைத்து, எதிரில் ஆளை உட்கார வைத்து வரையட்டும். நீங்களே உட்காருங்கள். அழிரப்பர் வேண்டாம்.

மூன்றாவதற்குத் தகவல் வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலை) பட்டம். ஓவியம், சிற்பத்தோடு விஷுவல் கம்யூனிகேஷன், டெக்ஸ்டைல், செராமிக் மாதிரியான வடிவமைப்புப் பிரிவுகளும் உண்டு. படித்தவர்கள் அனிமேஷன், விளம்பரம், ஜவுளி வடிவமைப்பு, ஆசிரியர் வேலை என்று போகிறார்கள். முதல் சில வருடங்கள் வருமானம் சீராக இருக்காது, அதை மறைக்க மாட்டேன். என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடங்களுக்கு ப்ளஸ் டூ தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், ஆகவே இந்த வருடம் அவை இல்லை. இன்ஜினீயரிங் கலந்தாய்வு விண்ணப்பத்தை ரத்து செய்ய வேண்டாம், அதுவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முடிந்தால் ஒரு நாள் அவனைச் சென்னைக்குக் கூட்டிப் போங்கள். பெரியமேட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. உள்ளே மாணவர்கள் வேலை செய்வதைப் பார்க்கட்டும். அப்படியே மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலைக்குக் கீழே நிற்கட்டும். பாறையை நெம்பும் அந்த நான்கு பேரைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். முதுகுத் தசையையும், ஊன்றிய காலையும் அவன் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். பாட்டியின் காலில் அவனுக்கு வராமல் போனது என்னவென்று அங்கே பிடிபடலாம்.

நான்காவது வரிக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. அதை நீங்கள்தான் அவனிடம் பேச வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்பதற்கெல்லாம் இப்போதே பதில் தேட வேண்டாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். செலவுக் கணக்கை நீங்கள் கொண்டு வாருங்கள். பாட்டி இருக்கும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாமல் தம்பியை எடுத்து வரச் சொல்லுங்கள்.