வீடு கனக்கும்போது உடம்பு எப்படி இளைக்கும்?

எடை குறைப்பு பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி, சாப்பாட்டில் தொடங்கி மூன்றாவது வரியிலேயே வீட்டுக்குள் போய்விடுகின்றன. கடன், படுக்கையில் கிடக்கும் பெரியவர், ஓயாத சண்டை, தூக்கமில்லாத இரவு. உணவியல் துறையில் இத்தனை வருடம் இருந்தபின் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு உணவு அட்டவணை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் இந்த முறை அப்படிப்பட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 44. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. மாமியார் பக்கவாதத்தால் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். கணவருக்கு வியாபாரத்தில் நஷ்டம். தினமும் கடன்காரர்களின் போன். பகலெல்லாம் வாயைக் கட்டுகிறேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் நின்றபடியே மிக்சரையோ மீதிச் சோற்றையோ சாப்பிட்டுவிடுகிறேன். காலையில் என்மீதே வெறுப்பாக இருக்கிறது. எனக்கு மனஉறுதி இல்லையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மனஉறுதி இல்லாதவரால் படுக்கையில் இருப்பவரை இரண்டு வருடம் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தச் சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து உங்கள் பகலை என்னால் ஊகிக்க முடிகிறது. காலையில் காபி. மாமியாருக்கு ஊட்டி முடிக்கும்போது உங்கள் இட்லி ஆறிப்போயிருக்கும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவீர்கள். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் அவசரமாக. இரவு பத்தரை மணிக்குள் உடம்புக்குத் தேவையானதில் பாதிகூடப் போயிருக்காது. இதற்கு மேல் மனஅழுத்தம். அழுத்தம் நீடிக்கும்போது அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது பசியைத் தூண்டும். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் நாட வைக்கும். கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்க்கும். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. பகல் பட்டினியும் இவையும் சேர்ந்து, யாரும் உங்களைக் கூப்பிடாத அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்து நிற்கின்றன. அந்த நேரத்தில் நீங்கள் தேடுவது மிக்சரை மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் அமைதியையும் தேடுகிறீர்கள்.

ஆகவே இரவை விட்டுவிட்டுப் பகலைச் சரிசெய்யுங்கள். மாமியாருக்கு ஊட்டும் முன் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். இதில் பாவம் எதுவும் இல்லை. இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் ஒன்றரைக்குள் சாப்பாடு: தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ மீனோ. ஐந்து மணிக்கு மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். இப்படிப் பகல் நிறைந்தால் இரவுப் பசி பெரும்பாலும் பத்து நாளில் தணிந்துவிடும். தணியாத நாளில் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொட்டுக்கடலை, ஒரு பழம், ஒரு டம்ளர் பால், எதுவானாலும் சரி. மிக்சர் சம்படத்தை மட்டும் கொஞ்ச நாள் நிரப்பாதீர்கள். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) உங்களுக்கு 32. இந்தியர்களுக்கு 25ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். ஆனால் 55 கிலோவுக்குப் போக வேண்டும் என்று கனவு காணாதீர்கள். முதல் மாதம் எடை ஏறாமல் நின்றாலே எனக்கு மகிழ்ச்சி. அடுத்த ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தால், அதாவது உங்கள் எடையில் 5 சதவீதம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராவதற்கு அதுவே உதவும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். மாமியாருக்குச் செய்யும் வேலைகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுங்கள். எது எது அவருடையது என்று அவரே குறிக்கட்டும். வாரத்தில் மூன்று இரவு அவர் விழித்துப் புரட்டிப் படுக்கவைத்தால் மூன்று இரவு நீங்கள் தூங்குவீர்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் நோய் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். மனம் தாங்காத நாளில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

கேள்வி: டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் கணவரும் இரண்டு மகன்களும் ஒத்துழைப்பதே இல்லை. எனக்குத் தனியாக, அவர்களுக்குத் தனியாகச் சமைத்துக் களைத்துவிட்டேன். (வாசகி, கரூர்)

பதில்: தனியாகச் சமைப்பதை இன்றே நிறுத்துங்கள். இரண்டு அடுப்பு வேலையை யாராலும் நெடுநாள் இழுக்க முடியாது.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மளிகைக் கணக்குத்தான். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? நால்வர் உள்ள வீட்டில் 5 லிட்டர் என்று பலர் தயங்காமல் சொல்வார்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்கில் 2 லிட்டரே தாராளம். மிச்சம் 3 லிட்டரை நால்வருக்கும் பகிர்ந்து பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இதைக் குறைக்கலாம். எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பூரி மாதம் இரண்டு முறை போதும். பொரித்த அப்பளத்துக்குப் பதில் சுட்ட அப்பளம். கத்தரிக்காயை முதலில் ஆவியில் வேகவைத்துவிட்டுப் பிறகு தாளித்து வதக்கினால் பாதி எண்ணெயிலேயே வேலை முடிந்துவிடும்; ருசி குறைந்ததாக மகன்கள் சொல்லமாட்டார்கள். முதல் மாதம் 4 லிட்டர், அடுத்த மாதம் 3 என்று படிப்படியாக இறங்குங்கள்.

மகன்களின் தட்டில் மிஞ்சுவதை வீணாகிறதே என்று நீங்கள் எடுத்துச் சாப்பிடும் வழக்கம் இருந்தால், அதையும் நிறுத்துங்கள். அவர்களுக்குக் குறைவாகப் பரிமாறுங்கள். வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் எடை குறையவில்லை. காலையில் காபியோடுதான் போட்டுக்கொள்கிறேன். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: காபியோடு போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டுக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதற்கு மேல் உள்ளது உணவிலும் நடையிலும்தான் குறைய வேண்டும்.

கேள்வி: குழந்தைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். என் அம்மா நெய்யும் லேகியமும் கொடுக்கிறார். நாத்தனார் வரும்போதெல்லாம் "ஆளே அடையாளம் தெரியவில்லை" என்கிறார். அதனால் இரவு சாப்பிடாமல் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன். (வாசகி, சென்னை)

பதில்: இன்று இரவே சாப்பிடுங்கள். பாலூட்டும் தாய்க்கு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகும் நாளொன்றுக்கு 520 கலோரி கூடுதலாகத் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கொள்ளு நல்ல பருப்பு. துவையலாகவும் ரசமாகவும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது கொழுப்பைக் கரைக்கும் என்பதை நம்பிப் பட்டினி கிடக்காதீர்கள்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். நெய் நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும், அதற்குப் பதில் முட்டையும் கீரையும் செய்து கொடு என்று கேளுங்கள். ஊட்ட வேண்டும் என்ற அவருடைய ஆசையும் நிறைவேறும். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வரக்கூடும் என்பதால் டி.எஸ்.எச்.சும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அதை அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

காரணமில்லாத அழுகையோ குழந்தைமீது ஒட்டுதலில்லாத உணர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், எடையை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: வயது 31, எடை 98 கிலோ, உயரம் 170 செ.மீ. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா இறந்தபின் தங்கை கல்யாணக் கடனுக்காக ஓவர்டைமும் பார்க்கிறேன். எவ்வளவு தூங்கினாலும் அசதி. பயங்கரமாகக் குறட்டை விடுவதாக அம்மா சொல்கிறார். ஜிம்மில் சேரலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஜிம்முக்கு முன்னால் நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்கள். பலத்த குறட்டை, தூங்கி எழுந்தும் தீராத அசதி, இந்த எடை மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயை நான் சந்தேகப்படுவேன். இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சிகிச்சை எடுக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். அதுவரை இரவு ஷிப்ட் முடித்து பைக் ஓட்டாதீர்கள். கம்பெனி பஸ்ஸில் வாருங்கள். கண் சொருகினால் ஒரு நொடி போதும், தம்பி.

இரவு ஷிப்டில் நடுநிசிப் பரோட்டாவை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் முன் வீட்டிலேயே முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். இடையில் சுண்டலோ அவித்த முட்டையோ கையில் இருக்கட்டும். டீயில் சர்க்கரையை ஒரு கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் அதிலேயே 60 கிராம் சர்க்கரை போகிறது.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கு வந்துவிட்டதே, கடன் வாங்கியாவது போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கடன் வாங்கிப் போடாதீர்கள். அவை நல்ல மருந்துகள்தான். பசியைக் குறைத்து எடையைக் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. மூன்று மாதம் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதில் பயனில்லை. குமட்டல், வாந்தி, தசை இழப்பு உண்டு. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் போடக்கூடாது. உங்களுக்குத் தேவையா என்று நாளமில்லாச் சுரப்பி நிபுணர் சொல்லட்டும், மருந்துக் கடையில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு வயது 15. என் கணவரும் மாமியாரும் அவளைக் "குண்டு" என்றே கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். சாப்பிட்டதும் நேராகக் குளியலறைக்குப் போகிறாள். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் பயம் சரியானது. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, தானே வாந்தி எடுப்பதாக இருக்கலாம். இது உணவுப் பழக்கம் சார்ந்த மனநோயின் தொடக்கமாகக்கூட இருக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, முடி கொட்டுகிறதா, எழுந்தால் தலைசுற்றுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். இந்த வாரமே குழந்தைநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவள் எடை சரியா என்பதை வயதுக்கான வளர்ச்சி அட்டவணையில் அவர் பார்த்துச் சொல்லட்டும். ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்க வேண்டியிருக்கும். அடிக்கடி வாந்தி எடுத்தால் அது குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கும். மனநல ஆலோசனை தேவை என்று டாக்டர் சொன்னால் தயங்காதீர்கள்.

கணவரிடம் மகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அந்தச் சொல்லைச் செல்லமாகச் சொன்னேன் என்பார். மகள் அதைச் செல்லமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தச் சாப்பாட்டு டப்பாவே சாட்சி. இளைத்துவிட்டாள் என்று பாராட்டுவதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பாராட்டுக்காகவே அவள் இன்னும் குறைவாகச் சாப்பிடுவாள். மாமியாரிடம் அவர் பேசட்டும்.

எடைக் கருவி வீட்டில் இருந்தால் எடுத்து மறைத்துவையுங்கள். குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போடாதீர்கள். சாப்பிட்டு முடித்தபின் ஒரு மணி நேரம் அவளோடு இருங்கள். தலை பின்னிவிடுங்கள், சீட்டு விளையாடுங்கள், மொட்டைமாடியில் துணி எடுக்கக் கூட்டிப் போங்கள். சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.