பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

ஐயா,

என் அப்பா 1960களில் திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதியவர். ஒலிப்பதிவு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகளும் ஒப்பந்தக் கடிதங்களும்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். கேட்க முடியாத நாடகத்தின் தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

பெட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய ‘டேஞ்சர்’ நாடகத்தை 1924 ஜனவரி 15 அன்று லண்டனிலிருந்து பிபிசி ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று. சுரங்கம் பார்க்கப் போன இடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. நாடகம் முழுக்க இருட்டிலேயே நடக்கிறது. கேட்பவர்களையும் வீட்டில் விளக்கை அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கும் ஒலிப்பதிவு கிடையாது. நேரடியாக நடித்தார்கள், காற்றோடு போயிற்று. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதி அங்கே 1930களில்தான் வந்தது.

இருந்தும் அந்த இரவைப் பற்றி நமக்கு எவ்வளவோ தெரியும். பிரதி இருக்கிறது. ஹியூஸ் பின்னாளில் எழுதிவைத்த நினைவுகள் இருக்கின்றன. தெருவில் பாடிப் பிழைத்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களை அழைத்துவந்து தாழ்வாரத்தில் பாடவைத்தார்களாம். ஸ்டுடியோ கதவைத் திறந்தால் பாட்டு கேட்கும், சாத்தினால் நின்றுவிடும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டே கேட்கிறது.

ரெடிங் நகரை ஒட்டிய காவர்ஷாமில் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. அன்றன்று உண்மையில் என்ன ஒலிபரப்பானது என்ற நாட்பதிவுகளும் அங்கே உண்டு. ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் அச்சான நிகழ்ச்சிநிரலும் இதுவும் சில நாள் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தாளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நீலப் பென்சிலில் ‘கதவு, மெல்ல’ என்று இருக்கிறது. கீழே நான்கு வரி வசனம் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. நேரத்துக்குள் முடிக்க வெட்டியிருக்கலாம். அச்சுப் புத்தகத்தில் இது நமக்குக் கிடைக்காது.

துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், லேமினேஷனும் கூடாது. எந்தக் கடிதம் எந்தப் பிரதியோடு இருந்ததோ, அந்த வரிசை கலையாமல் படமெடுத்துவிடுங்கள். பிறகு சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

முடிந்தால் அடுத்த பக்கத்தையும் அனுப்புங்கள். கதவைத் திறந்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.